கருங்குன்றும் வெண்குன்றும்: சொவாவே ஒயினை உருவாக்கும் நிலம்

வட இத்தாலியின் வெனெத்தோ மாநிலத்தில், வெரோனா நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், லெஸ்ஸினி மலைகள் தெற்கே சரிந்து சமவெளியில் முடியும் விளிம்பில் சொவாவே என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஊரின் தலைமாட்டில் ஒரு குன்றும், குன்றின் உச்சியில் ஓர் இடைக்காலக் கோட்டையும், அங்கிருந்து இறங்கி ஊரை வளைத்துக்கொள்ளும் மதிலும், மதிலைத் தாண்டியதும் திராட்சைத் தோட்டங்களும் இருக்கின்றன. இவ்வூரின் பெயரைத் தாங்கிய வெள்ளை ஒயின் இளம் வைக்கோல் நிறமும், எலுமிச்சையையும் வெண்ணிறப் பூக்களையும் நினைவூட்டும் மணமும், பல்லைக் கூசவைக்காமல் நாவைத் துலக்கும் புளிப்பும், விழுங்கிய பின் அடிநாக்கில் தங்கும் வாதுமையின் மெல்லிய கசப்பும் கொண்டது. இனிப்பு ஏறக்குறைய முழுவதும் நொதித்துத் தீர்ந்துவிட்ட, ஒயின் வழக்கில் ‘உலர்ந்த’ என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது அது.

‘சொவாவே’ என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் மென்மையான, இதமான என்று பொருள் உண்டு. வெரோனாவில் அடைக்கலம் பெற்றிருந்த கவிஞர் தாந்தே இந்த ஒயினைச் சுவைத்து அப்பெயரைச் சூட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. பெயரின் வேரோ வேறிடத்தில் இருப்பதாக வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். 6ஆம் நூற்றாண்டில் லொம்பார்தியரோடு இத்தாலிக்குள் வந்து இப்பகுதியில் தங்கிய சுவேபி என்னும் ஜெர்மானிய இனக்குழுவின் பெயரே திரிந்து ஊர்ப்பெயராயிற்று என்பது அவர்கள் விளக்கம். ஊரைச் சுற்றியுள்ள மதில், வெரோனாவை ஆண்ட தெல்லா ஸ்காலா குடும்பத்தின் கன்சிஞ்ஞோரியோ காலத்தில், 1369இல் கட்டப்பட்டது.

பெயருக்குள் மென்மை இருந்தாலும் இந்த ஒயினின் வரலாறு மென்மையானதன்று. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகெங்கும் அறியப்பட்டு, அந்தப் புகழாலேயே நீர்த்துப்போய், மலிவு ஒயின் என்னும் பெயரைச் சுமந்து, பின்னர் மெல்ல மீண்டெழுந்த ஒயின் இது. அந்த ஏற்ற இறக்கங்களின் பின்னணியில் நின்ற கேள்வி ஒன்றுதான்: சொவாவே என்பது ஒரு நிலத்தின் பெயரா, ஒரு சரக்கின் பெயரா?

கடலடியில் உருவான குன்றுகள்

சொவாவேயின் குன்றுகளைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். புவியியலாளர்கள் ஈயோசீன் என்று அழைக்கும் அந்தக் காலத்தில் இன்றைய வெரோனாவின் வடகிழக்குப் பகுதி வெதுவெதுப்பான, ஆழமற்ற கடலாக இருந்தது. கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அடியில் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. அதே காலத்தில் கடலடி பிளந்து எரிமலைக் குழம்பும் வெளிப்பட்டது. குழம்பு குளிர்ந்து, பசால்ட் எனப்படும் கருநிறப் பாறையாகவும், சாம்பலும் துகளும் இறுகிய, டஃப் எனப்படும் மென்பாறையாகவும் மாறிற்று. பிற்காலத்தில் நிலம் மேலெழுந்தபோது வெண்ணிறக் கடற்கல்லும் கருநிற எரிமலைக்கல்லும் ஒன்றன் மேல் ஒன்றாகவும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகவும் மாறிமாறி வெளித்தெரிந்தன.

இது வெறும் ஊகமன்று என்பதற்குச் சான்று சொவாவேக்கு வடக்கே, அல்போனே ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் உள்ள போல்கா என்னும் மலைக்கிராமத்தில் கிடக்கிறது. அங்குள்ள சுண்ணாம்புப் படிவங்களிலிருந்து செதில் கலையாத, சில வேளைகளில் நிறத்தின் சுவடுகூட எஞ்சிய மீன் புதைபடிவங்கள் 16ஆம் நூற்றாண்டு முதலே எடுக்கப்பட்டு வருகின்றன. வெரோனாப் பிரபு கசோலா திரட்டி வைத்திருந்த போல்கா மீன்களின் பெருந்தொகுப்பை 1797இல் நெப்போலியனின் படையினர் பாரிஸுக்கு எடுத்துச் சென்றனர் என்பதிலிருந்து அவற்றின் மதிப்பை உணரலாம். அதே பள்ளத்தாக்கில் சான் ஜொவான்னி இலாரியோனே என்னும் ஊரருகே பசால்ட் பாறை, அடுக்கி வைத்த அறுகோணத் தூண்களைப் போலப் பிளந்து நிற்கிறது. மீனும் தீயும் ஒரே பள்ளத்தாக்கில் அருகருகே தடம் விட்டிருக்கின்றன.

இந்தக் கலவை கீழே ஒயின் குன்றுகள் வரை தொடர்கிறது. பழைமையான மையப்பகுதியான ‘கிளாசிகோ’ மண்டலம் சொவாவே, மோன்தெஃபோர்தே தால்போனே ஆகிய இரண்டு ஊர்களின் குன்றுகளை உள்ளடக்கியது. பொதுவாகச் சொன்னால் மேற்கே, சொவாவே ஊரையும் கோட்டையையும் ஒட்டிய சரிவுகளில் சுண்ணாம்பு மிகுதி. கிழக்கேயும் வடக்கேயும், மோன்தெஃபோர்தேயை நோக்கிச் செல்லச்செல்ல, கருமையான எரிமலை மண் மிகுதி. ஆனால் இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போன்ற எல்லை எதுவும் இல்லை; ஒரே உழவரின் மேல் தோட்டம் கருப்பாகவும் கீழ்த் தோட்டம் வெளுப்பாகவும் இருப்பது உண்டு.

கர்கானெகாவும் அதன் பந்தலும்

இந்நிலத்துக்குரிய திராட்சை கர்கானெகா. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேளாண்மை நூல் எழுதிய பியெத்ரோ தே கிரெஷென்சி இப்பெயரையொத்த திராட்சை ஒன்றைக் குறிப்பிட்டிருப்பதால், இதன் வழக்கு குறைந்தது 700 ஆண்டுப் பழைமை உடையது எனலாம். சிசிலித் தீவில் கிரெக்கானிகோ தொராத்தோ என்று வழங்கும் திராட்சையும் இதுவே என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்றைய விதிகளின்படி சொவாவே என்று பெயரிட்டு விற்கப்படும் ஒயினில் குறைந்தது 70 விழுக்காடு கர்கானெகா இருத்தல் வேண்டும். எஞ்சிய பங்கில் பெரும்பாலும் ட்ரெப்பியானோ தி சொவாவே அல்லது ஷார்டொனே இடம்பெறும். இவற்றுள் ட்ரெப்பியானோ தி சொவாவே என்பது மார்க்கே மாநிலத்தில் புகழ்பெற்ற வெர்திக்கியோ திராட்சையேயாகும். அதன் புளிப்பு கூர்மையானது என்பதால் கலவைக்கு நிமிர்வு தருகிறது.

கர்கானெகா நீண்டு தொங்கும், இடைவெளி விட்டுக் காய்க்கும் குலைகளையும் தடித்த தோலையும் கொண்டது, தாமதமாகப் பழுப்பது, கட்டுக்கடங்காமல் படரும் இயல்புடையது. தண்டின் அடிக்கணுக்களில் குறைவாகவும் தள்ளியுள்ள கணுக்களில் மிகுதியாகவும் காய்ப்பதால், இதை ஒட்டக் கத்தரித்துக் குட்டையாக வளர்ப்பது எளிதன்று. எனவே வெரோனாப் பகுதி உழவர்கள் நெடுங்காலமாகவே இதைப் பந்தலில் ஏற்றி வளர்த்து வருகின்றனர். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சி அயலாகத் தோன்றாது: தலைக்கு மேலே கொடியும் இலையும் கூரையாக விரிய, குலைகள் அதன் அடியில் தொங்கும். ‘பெர்கோலா வெரோனேசே’ எனப்படும் இந்தப் பந்தல் குலைகளை நேரடி வெயிலில் வதங்காமல் காக்கிறது. நிலத்தின் ஈரத்திலிருந்து அவற்றை உயர்த்தி வைக்கிறது. சரிவுகளில் மனிதர் கீழே நடந்து வேலை செய்யவும் இடம் தருகிறது.

இதில் ஓர் இடரும் உண்டு. பந்தலில் பரவும் கொடிக்கு நல்ல மண்ணும் நீரும் கிடைத்தால் அது அளவின்றிக் காய்க்கும். ஒரு கொடி ஆக்கும் சர்க்கரையும் மணப்பொருள்களும் எத்தனை குலைகளுக்குப் பங்கிடப்படுகின்றன என்பதைப் பொறுத்தே சாற்றின் அடர்த்தி அமைகிறது. குன்றுச் சரிவின் மெலிந்த மண் அந்த எண்ணிக்கையைத் தானே குறைத்துவிடுகிறது. சமவெளியின் வண்டல் மண் அப்படிச் செய்வதில்லை. சொவாவேயின் பிற்கால வீழ்ச்சிக்கு விதை இங்கேதான் இருந்தது.

புளிப்பு காக்கப்படும் விதம்

வெள்ளை ஒயினின் துடிப்புக்கு அடிப்படை அதிலுள்ள அமிலங்கள். திராட்சையில் டார்டாரிக், மாலிக் என்னும் இரண்டு அமிலங்கள் முதன்மையானவை; புளியின் புளிப்புக்கும் காரணமான டார்டாரிக் அமிலம் பழுக்கும்போது பெரிதும் நிலைத்து நிற்க, பச்சை ஆப்பிளின் கூர்மையைத் தரும் மாலிக் அமிலம் வெப்பத்தில் விரைந்து குறைகிறது. கோடையில் வெக்கையும் ஈரப்பதமும் மிகுந்த சமவெளியின் விளிம்பில் இருந்தும் சொவாவேயின் குன்றுகளில் புளிப்பு தங்குவதற்கு லெஸ்ஸினி மலைகளே காரணம். வடக்கு தெற்காக நீளும் பள்ளத்தாக்குகள் வழியே இரவில் மலைக்காற்று இறங்கிக் குன்றுகளைக் குளிர்விப்பதால், பகலில் சர்க்கரை சேர்க்கும் பழம் இரவில் தன் அமிலத்தை முழுவதும் இழந்துவிடாமல் இருக்கிறது. கர்கானெகா தாமதமாகப் பழுப்பதும் இதற்குத் துணையாகிறது. செப்டம்பரின் பிற்பகுதியிலும் அக்டோபரிலும், வெயில் தணிந்த நாள்களில்தான் அது முதிர்ச்சியை எட்டுகிறது.

அறுவடைக்குப் பின் அந்தப் புளிப்பைக் காப்பது ஆலையின் வேலை. பழத்தைப் பிழிந்து தோலை உடனே நீக்கி, தெளிந்த சாற்றைத் துருவேறா எஃகுத் தொட்டிகளில் குறைந்த வெப்பநிலையில் நொதிக்க வைப்பது வழக்கம். குளிர்ந்த நொதித்தலில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்வதால் எளிதில் ஆவியாகும் மணங்கள் தப்புகின்றன. மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் மாற்றத்தைப் பல தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே தடுத்துவிடுகின்றனர். அது நிகழ்ந்தால் ஒயின் வழுவழுப்பும் வெண்ணெய்ச் சாயலும் பெறும். நிகழாவிட்டால் ஆப்பிளின் வெட்டு எஞ்சும்.

ஒரே குடும்பம், இரண்டு மண்

நிலம் ஒயினை எவ்வாறு மாற்றுகிறது என்பதைக் காட்ட சொவாவேயில் அனைவரும் சுட்டும் எடுத்துக்காட்டு பியரோபான் குடும்பத்தின் இரண்டு தோட்டங்கள். ‘கல்வாரினோ’ எரிமலை மண்ணில் அமைந்தது. ஏறுவதற்கும் உழுவதற்கும் படும் பாட்டைக் கருதி ‘சிறிய கல்வாரி’ என்று பொருள்படும் அப்பெயர் அதற்கு வழங்கலாயிற்று. அதன் ஒயினில் கர்கானெகாவோடு ட்ரெப்பியானோ தி சொவாவேயும் சேர்கிறது. மரத்தின் தொடர்பின்றிக் கண்ணாடிப் பூச்சுள்ள சிமெண்டுத் தொட்டிகளில் அது முதிர்கிறது. ‘லா ரொக்கா’ கோட்டையை ஒட்டிய குன்றின் சுண்ணாம்புக் களிமண்ணில் அமைந்தது. அதன் ஒயின் முழுவதும் கர்கானெகா; முதிர்வது மரப்பீப்பாய்களில். முன்னது எலுமிச்சையும் பூவுமாக, இறுக்கமாகவும் நேர்கோட்டில் செல்வதுபோலவும் இருக்கும். பின்னது கனிந்த பழத்தின் அகலமும் உடற்கட்டும் கொண்டிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு ஒயின்களுக்கும் கலவையும் முதிர்விக்கும் கலனும் வேறானவை என்பதால், வேறுபாடு முழுவதையும் மண்ணின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. எரிமலை மண்ணின் ஒயினில் ‘கல்லின் சுவை’ தெரிகிறது என்று விளம்பரங்கள் சொல்வதையும் அப்படியே ஏற்க இயலாது. கொடியின் வேர் பாறையை உறிஞ்சிப் பழத்துக்கு அனுப்புவதில்லை. நீரில் கரைந்த அயனிகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அவையும் சாற்றில் நாவுக்குத் தெரியாத சிற்றளவிலேயே இருக்கின்றன. மண் வேறு வழிகளில் வேலை செய்கிறது. சிதைந்த பசால்ட் களிமண்ணாகி, கோடை வறட்சியிலும் சிறிது நீரைப் பிடித்து வைத்துக் கொடியை வாடாமல் காக்கிறது. பிளவுகள் மிகுந்த சுண்ணாம்புச் சரிவு நீரை விரைவில் வடியவிட்டு வேரை ஆழத்துக்குச் செலுத்துகிறது. சரிவு பார்க்கும் திசையும் உயரமும் பழுக்கும் வேகத்தை மாற்றுகின்றன. நீர், வெப்பம், வேகம் ஆகிய இம்மூன்றின் கூட்டு விளைவையே ஒயின் சுவைப்போர் ‘நிலத்தின் குரல்’ என்கின்றனர்.

வரைபடத்தில் நகர்ந்த கோடு

சொவாவேயின் எல்லையை வரையும் முயற்சி 1920களில் தொடங்கியது. ஒயினின் பெயரைக் காக்கும் கூட்டமைப்பு ஒன்று 1924இல் உருவாயிற்று. தொடர்ந்து குன்றுப் பகுதி அளந்து வரையறுக்கப்பட்டு, 1931இல் அரசாணை வழியாக ஏற்பும் பெற்றது. இன்று கிளாசிகோ எனப்படும் பகுதி அதுவே. 1968இல், தோற்றமும் தயாரிப்பு முறையும் சட்டத்தால் காக்கப்படும் ‘டிஓசி’ என்னும் தகுதி சொவாவேக்குக் கிடைத்தபோது, எல்லை குன்றுகளைக் கடந்து சுற்றுப்புறப் பள்ளத்தாக்குகளுக்கும் வண்டல் சமவெளிக்கும் விரிந்தது. பழைய பகுதி ‘கிளாசிகோ’ என்னும் அடைமொழியைப் பெற்றது. ‘சொவாவே’ என்னும் பெயரோ இரு பகுதிக்கும் பொதுவாயிற்று.

அந்த விரிவுக்குச் சந்தையில் காரணம் இருந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இத்தாலிய உணவகங்கள் பெருக, எளிதில் உச்சரிக்கக்கூடிய பெயருடைய, எவ்வுணவோடும் ஒத்துப்போகும் வெள்ளை ஒயினுக்குத் தேவை ஏற்பட்டது. பொல்லா போன்ற பெரிய வணிக நிறுவனங்கள் சொவாவேயை அமெரிக்கர்களின் வீட்டு மேசைக்குக் கொண்டு சென்றன. உள்ளூரில் 1898இல் தோன்றிய கந்தினா தி சொவாவே முதலான கூட்டுறவு ஆலைகள் சிறு உழவர்களின் பழத்தை வாங்கிப் பெருமளவில் ஒயின் செய்தன. பழத்துக்கு எடையைப் பார்த்துப் பணம் கிடைக்கும்போது, சமவெளியில் பந்தல் தாங்கும் மட்டும் காய்க்க விடுவதே உழவருக்கு ஆதாயம். அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அப்படி விளைந்த பழத்தில் மணம் மெலிந்தது, புளிப்பு வெறுமையாயிற்று. 1980கள் வந்தபோது சொவாவே என்றாலே தண்ணீர் போன்ற மலிவு ஒயின் என்னும் எண்ணம் உலகச் சந்தையில் வேரூன்றிவிட்டது.

அந்தக் காலத்திலும் குன்றை விட்டுக்கொடுக்காதவர்கள் இருந்தனர். லியோனில்தோ பியரோபான் 1971இலேயே கல்வாரினோவைத் தனித் தோட்டத்தின் பெயரோடு புட்டியில் அடைத்தார். பெயரின் பரப்பு பெருகிக்கொண்டிருந்த நேரத்தில் அதைச் சுருக்கிக் காட்டிய செயல் அது. ஜீனி, ப்ரா, இனாமா, சுவாவியா ஆகிய குடும்ப நிறுவனங்களும் பின்னர் குன்றுத் தோட்டங்களை முன்னிறுத்தின. ரொபெர்த்தோ அன்செல்மி வேறு வழியைத் தேர்ந்தார். மிகை விளைச்சலுக்கு இடந்தரும் விதிகளோடு உடன்பட முடியாமல், 1990களின் இறுதியில் சொவாவே என்னும் பெயரையே துறந்து, தம் ஒயின்களைப் பொதுவான வெனெத்தோ வகைப்பாட்டில் விற்கத் தொடங்கினார். ஒருவர் பெயருக்குள் இருந்தும் மற்றொருவர் வெளியேறியும் சொன்ன கருத்து ஒன்றே.

சட்டமும் மெல்லத் திருந்திற்று. மேலும் கடுமையான ‘டிஓசிஜி’ தகுதியோடு ‘சொவாவே சுப்பீரியோரே’ என்னும் பிரிவு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. பொதுச் சொவாவேக்கு ஹெக்டேருக்குச் சுமார் 15 டன் வரை பழம் அனுமதிக்கப்படுகையில், சுப்பீரியோரே பிரிவுக்கு 10 டன்னே வரம்பு. 2019இல் ஃபொஸ்கரினோ, கஸ்தெல்செரினோ போன்ற 33 இடப்பெயர்களைச் சிட்டையில் குறிக்கும் உரிமை அளிக்கப்பட்டது. உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த குன்றுப் பெயர்களுக்கு அரை நூற்றாண்டு கழித்துச் சட்டம் இடம் கொடுத்தது.

காதுகளிலிருந்து வந்த இனிப்பு

இந்நிலத்தின் மிகப் பழைய ஒயின் மரபு உலர்ந்த வகையைச் சேர்ந்ததன்று. 6ஆம் நூற்றாண்டில் ஆஸ்த்ரோகோத் அரசவையில் உயர் பதவி வகித்த கசியோதோருஸ், அரச விருந்துக்காக வெரோனாப் பகுதியிலிருந்து வரவழைக்க வேண்டிய ஒயினைப் பற்றி எழுதிய கடிதத்தில், பறித்த திராட்சையைக் குளிர்காலம் வரை உலர்த்திப் பிழியும் முறையை விவரித்துள்ளார். அந்த மரபின் வழித்தோன்றலான ‘ரெச்சோத்தோ தி சொவாவே’ இன்றும் செய்யப்படுகிறது. வெரோனா வட்டார வழக்கில் ‘ரெச்சியா’ என்றால் காது. குலையின் மேற்புறத்தில் காதுகள்போல் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும், வெயில் நன்றாகப் பட்ட பகுதியை இச்சொல் குறிக்கும். தேர்ந்த குலைகளைக் காற்றோட்டமான அறைகளில் மாதக்கணக்கில் உலர்த்தி, நீர் வற்றிச் சர்க்கரை செறிந்தபின் பிழிவர். கர்கானெகாவின் தடித்த தோல் அழுகலைத் தாங்குவதும், அதன் புளிப்பு இனிப்பைச் சமன் செய்வதும் இங்கே பயன்படுகின்றன. 1998இல் வெனெத்தோ மாநிலத்தில் முதன்முதலாக டிஓசிஜி தகுதி பெற்றது இந்த இனிப்பு ஒயினே.

நிலத்தோற்றமே மரபுச்சொத்து

கல்லடுக்கிய தாங்குசுவர்களும் பந்தல் வரிசைகளும் சிறு உழவர் நிலங்களும் சேர்ந்த இக்குன்றுகள் 2016இல் இத்தாலிய அரசின் வரலாற்றுச் சிறப்புடைய ஊரக நிலத்தோற்றங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் வைத்து எழுப்பப்படும் அச்சுவர்கள் சரிவின் மண்ணை மழை அரித்துச் செல்லாமல் தடுக்கின்றன. ஒன்று சரிந்தால் கையாலேயே மீண்டும் அடுக்க வேண்டும். 2018இல் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, சொவாவேயின் மரபுவழித் திராட்சைத் தோட்டங்களை உலக அளவில் சிறப்புடைய வேளாண் மரபு அமைப்புகளுள் ஒன்றாக அறிவித்தது. ஆயினும் சுவரையும் பந்தலையும் பேணும் உழைப்பு சமவெளியில் இயந்திரத்தால் முடியும் வேலையைவிடப் பன்மடங்கு கூடுதல். அந்த உழைப்புக்கு ஈடான விலை புட்டிக்குக் கிடைத்தால் மட்டுமே சரிவுகளில் வேளாண்மை நீடிக்கும்; பட்டயங்கள் அந்த விலையைத் தாமாகப் பெற்றுத்தர மாட்டா.

சொவாவே ஒயினை அறிய விரும்புவோர் புட்டியின் சிட்டையை வாசிக்கப் பழகுவது முதற்படி. வெறும் ‘சொவாவே’ என்றிருந்தால் பழம் சமவெளியிலிருந்தும் வந்திருக்கலாம். ‘கிளாசிகோ’ என்றிருந்தால் பழைய குன்றுகளுடையது. அதனோடு ஒரு குன்றின் பெயரும் இருந்தால் அந்த உழவர் தம் நிலத்துக்குப் பொறுப்பேற்றிருக்கிறார் என்று கொள்ளலாம். 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, பச்சைப்பட்டாணி சேர்த்து வெனெத்தோவில் சமைக்கும் ‘ரிசி இ பிசி’ சோற்றோடோ, ஏரி மீனோடோ பரிமாறுவது அவ்வூர் முறை. நல்ல குன்றின் சொவாவே பத்தாண்டு வைத்தாலும் புளிப்புக் குன்றாமல் தேனும் வாதுமையுமாக முதிரும். சமவெளியின் சொவாவேயை வாங்கிய ஆண்டிலேயே குடித்துவிடுவது நல்லது.